தொழில் தெரிந்தவரிடம் கேட்டு எழுதுவது எப்படி?

மலேசியாவின் பினாங்குப் பெருநிலத்தில், பிறைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியில் நான் பொதுப்பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் தாதிமை, கணக்கியல், மின்னியல், மருந்தாளுமை, வரலாறு என்று பல துறைப் பிள்ளைகள் கலந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் நான் கொடுக்கும் பெரிய இடுபணி ஒன்றுதான்: வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு தொழிலைக் காலமெல்லாம் செய்த ஒருவரைத் தேடிப்போய், அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வாருங்கள். சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடையில் கறி வைத்தவர், நகைப் பட்டறைப் பத்தர், பூக்கட்டுபவர், பிள்ளைப்பேறு பார்த்த பாட்டி, ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவியவர், யாராக இருந்தாலும் சரி.

ஒரே பாட்டியிடம் ஐந்து துறைப் பிள்ளைகள் போய்வந்தால் ஐந்து வேறு பாட்டிகள் என் மேசைக்கு வருகிறார்கள். தாதிமைப் பிள்ளையின் தாளில் முழங்கால் வலியும் இனிப்புநீரும் (நீரிழிவு) உள்ள ஒருவர் இருப்பார். கணக்கியல் பிள்ளையின் தாளில் சம்பளமும் கடனும் உள்ளவர். வரலாற்றுப் பிள்ளை, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நடந்த எமர்ஜென்சியைக் கண்ணால் கண்ட சாட்சியைக் கொண்டுவருவார். எழுதியவை எல்லாமே உண்மைதான். ஆனாலும் நாற்பது ஆண்டு மரம் சீவிய கை யார் தாளிலும் வந்து சேர்வதில்லை. படிக்கிற துறை நமக்குக் கேள்விகளைக் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் கேள்விகளுக்குள் அடங்காததைக் காது தானாகவே தள்ளிவிடுகிறது. தள்ளியது என்ன என்பதுகூட நமக்குத் தெரியாது.

என் அம்மாவும் மரம் சீவியவர்தான். அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இதை வகுப்போடு நிறுத்தாமல் இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் முறைக்கு அடிப்படை ஒன்றே: முதலில் முழுசாக எழுதுங்கள், பிறகு உங்கள் துறைக்குப் பிரித்தெடுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

போவதற்கு முன்

கல்லூரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். தாதிச் சீருடையிலும் போகாதீர்கள். அட்டையைப் பார்த்ததும் பெரியவர்கள் கிளினிக்கில் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிடுவார்கள். “டாக்டர் சொன்னபடிதான் சாப்பிடுறேன்மா” என்று பதில் வரும். நீங்கள் கேட்க வந்தது அந்தப் பதிலை இல்லை.

அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பாட்டி, தாத்தா, அக்கா, மாமா, பாய் என்று நாம் கூப்பிடும் முறை வெறும் மரியாதையோடு முடிந்துவிடாது. எது உங்களிடம் சொல்லத் தக்கது, எது தகாதது என்பதை அந்த முறைதான் தீர்மானிக்கிறது. நீங்கள் பேரன் ஆகிவிட்டால் பாட்டி உங்களுக்குப் புத்தி சொல்வார், நல்ல சோறு போடுவார். ஆனால் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பற்றியும், கணக்கில் ஏமாற்றிய தண்டல் என்னும் மேற்பார்வையாளரைப் பற்றியும், பிள்ளை பெற்றபோது பட்ட பாட்டைப் பற்றியும் பேரனிடம் வாய் திறக்கமாட்டார். பிள்ளைப்பேறு பற்றிக் கேட்கப் பெண்பிள்ளையை அனுப்புங்கள், முடிந்தால் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவரை. சம்பளத் தகராறைப் பற்றிக் கேட்க, அதே தோட்டத்தில் வளர்ந்த நடுவயதுக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

இருவர் இருவராகப் போங்கள், இரண்டு வேறு துறைகளிலிருந்து. தாதிமையும் மின்னியலும் சேர்ந்து போன இணைகள் எனக்கு எப்போதும் நல்ல தாள் கொடுத்திருக்கின்றன. ஒருவருக்குச் சாதாரணமாகப் படுவது மற்றவருக்கு வியப்பாக இருக்கும், உடனே “அது ஏன் பாட்டி?” என்று கேட்டுவிடுவார். ஒரே துறைக்காரர்கள் இருவர் போனால் இருவரும் ஒரே இடத்தில்தான் தலையாட்டுகிறார்கள்.

பெரியவர்களிடமிருந்து முதலில் வரும் பதில் அனேகமாக இதுதான்: “எனக்கு என்னய்யா தெரியும், நான் படிக்காதவ.” இதற்குப் பதிலாகப் புகழ்ந்து பேசாதீர்கள். புகழ்ச்சி அவரைக் கூச்சப்படுத்தும். ஒரு வேலையைக் கொடுங்கள். “இந்த உளியைத் தீட்டித் தர முடியுமா?” என்று நீட்டினால் போதும்.

கருவி கையில் இருக்கட்டும்

நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பேசியை முன்னால் வைத்து, “மரம் சீவுவது எப்படி?” என்று கேட்டால் நாலு வரி கிடைக்கும். விடியற்காலம் எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்பு) போய், நிரைக்கு (தமக்கு ஒதுக்கிய மர வரிசை) போய், சீவி, பால் எடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோவோம் என்பார். தெரியாததால் இப்படிச் சுருக்குவதில்லை. அவருக்குத் தெரிந்தது நாக்கில் இல்லாமல் மணிக்கட்டிலும் கண்ணிலும் இருக்கிறது. வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலானி, மனிதருக்குச் சொல்லத் தெரிந்ததைவிட அறிந்தது அதிகம் என்று வாதாடியவர். நம் தாத்தா பாட்டிகளிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவர் சொன்னது விளங்கிவிடும்.

ஆகவே கருவியைக் கையில் கொடுங்கள். தோட்டங்கள் அழிந்துவிட்டன என்று சாக்குச் சொல்லாதீர்கள். தோட்டங்கள் இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும் 2014இல் திறந்த பினாங்கின் இரண்டாம் பாலமும் நிற்கின்றன, உண்மைதான். ஆனால் கூலிம் பக்கம் போனால் சிறுதோட்டங்களில் பால்மரம் இன்னும் உண்டு. அதுவும் முடியாவிட்டால் ஒரு மரக்கட்டையை நட்டு நிறுத்துங்கள்.

கை உளியைப் பிடித்ததும் பேச்சே மாறிவிடும். மரத்துக்கு எதிரே நின்று, இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாகக் கோடு இறங்குவதைக் காட்டுவார். “ஏன் அந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். “அப்படித்தான் பால் நல்லா வரும்” என்பார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக நிற்காமல், நம் பார்வையில் மேலே போகப் போக வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடமிருந்து வலம் இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களைத் திறக்கும். தாவரவியல் பிள்ளைக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதைப் பாட்டியின் கைதான் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத்தான் பட்டை சீவப்படவேண்டும். உள்ளே மரத்தை ஒட்டியுள்ள மெல்லிய வளர்படலத்தை உளி தொடவே கூடாது. தொட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், சில ஆண்டு கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வரும்போது சீவ முடியாது. “எப்படித் தெரியும், ஆழம் போதும்னு?” என்று கேட்டபோது ஒரு பாட்டி சொன்னார்: “சத்தம் மாறும்.” நான் பார்த்த தாள்களிலேயே மதிப்பு மிக்க இரண்டு சொல் அவைதான். அந்தப் பிள்ளை மின்னியல் படித்தவர். பாட்டியை மறுபடி சீவச் சொல்லிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

இந்தச் சீவும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ஹென்றி ரிட்லி, 1890களில், மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல் அதே காயத்தை மெல்லச் சீவிச் சீவித் திறக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் கோலாலம்பூரில் தொடங்கியது. ஆனால் ஆய்வறிக்கையில் இருந்ததை லட்சக்கணக்கான மரங்களில், இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் நாள்தோறும் செய்து முடித்தவை பெரும்பாலும் தமிழ்க் கைகள். அறிக்கை எழுதியவர்களின் பெயர் நூலகத்தில் கிடைக்கிறது. கை செய்த திருத்தங்கள் எங்கும் பதிவாகவில்லை. அவற்றைத் தேடித்தான் நீங்கள் போகிறீர்கள்.

ஒரு வாக்கியத்தை எப்படிப் படிப்பது

ஒரு பாட்டி இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: “மழ விட்டாலும் மரம் ஈரமா இருந்தா உளிய வைக்கமாட்டோம். காயட்டும்னு நின்னா வெயில் ஏறிடும், அப்புறம் சீவினா பால் எங்க வரும். அன்னைக்கு வெறுங்கைதான், பாலர் பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக் காசு கேட்டா இல்ல.”

வகுப்பில் இதைப் பலகையில் எழுதி அரை மணி நேரம் பேசுவோம். மரம் ஈரமாக இருந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். ஈர வெட்டில் ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் தொற்றிப் பட்டையில் கருங்கோடுகள் விழும். இது பயிர்நோயியல். வெயில் ஏறினால் பால் குறைவதற்குக் காரணம், இரவில் மரம் நீரை அதிகம் இழக்காததால் விடியலில் பால்குழாய்களின் அழுத்தம் உச்சத்தில் இருப்பதும், இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அது இறங்குவதும்தான். இது உடலியங்கியல். வெறுங்கை என்பது கூலி முறை: மழையின் நட்டத்தை யார் தலையில் கட்டினார்கள் என்ற கேள்வி. பிள்ளைக்குக் காசு இல்லை என்பது கல்வியின் வரலாறு. இருட்டில் மேடுபள்ளத்தில் நடந்ததும், நிறைந்த வாளிகளைக் காண்டா என்னும் தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்ததும் தாதிமைக்கு உரியவை. பாட்டி சொல்லாமல் விட்டாலும் அந்தக் காலையில் அவையும் இருந்தன.

பாட்டிக்கு இவை ஐந்து விஷயங்கள் இல்லை. ஒரு காலை நேரம், ஒரே முடிவு: உளியை வைப்பதா வேண்டாமா. நோய்க்குப் பயந்தாரா, கூலிக்குப் பயந்தாரா என்று பிரித்துக் கேட்டால் விழிப்பார். துறை வாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டு வந்த பிள்ளைக்கு, அவர் ஈர மரத்தில் சில நாள் சீவவும் செய்தார் என்பது புரியாது. பிள்ளைக்குப் பள்ளிக் காசு கட்டவேண்டிய வாரத்தில் பயிர்நோயியல் தோற்கும். இதைப் பயிர்நோயியல் தெரிந்த ஒருவர் புரிந்துகொண்டால்தான் அவர் கொடுக்கும் அறிவுரை தோட்டத்தில் எடுபடும்.

எழுதும் மொழி

நம் பிள்ளைகளின் தலையில் அறிவு மூன்று மொழிகளில் தனித்தனியே அடுக்கியிருக்கிறது. ஆரம்பப் பள்ளி அறிவியல் தமிழில். இடைநிலைப் பள்ளியில் அதே பாடம் மலாயில். கல்லூரிக்கு வந்தால் ஆங்கிலம். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அந்தக் காலத்தில் படித்தவர்களின் அடுக்கு இன்னும் குழப்பமானது. இதனால் என்ன ஆகிறது என்றால், பாட்டி தமிழில் சொல்வதைக் காதில் வாங்கும்போதே பிள்ளைகள் ஆங்கிலக் குறிப்பாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்குத் தெரிந்தது பாடநூல் மட்டுமே. ஆகவே பாட்டி சொன்னதில் பாடநூலுக்குப் பொருந்துவது மட்டும் தாளில் இறங்குகிறது.

பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். “வந்துச்சு” என்றால் வந்துச்சு. ஏட்டுத் தமிழுக்கு மாற்றாதீர்கள்; மாற்றும்போது தயக்கமும் அழுத்தமும் போய்விடும். நடுவில் வரும் மலாய்ச் சொற்களை அப்படியே விடுங்கள். பாசாரை அங்காடி ஆக்கவேண்டாம். மங்கு, காண்டா, கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று தொழிலுக்கு உள்ள சொற்களைத் தனியாகக் குறித்து, ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவர் பேச்சு. வலப்பக்கத்தை அன்றைக்குக் காலியாக விடுங்கள். உங்கள் துறைச் சொற்கள் வீட்டுக்கு வந்த பிறகு அங்கே வரட்டும். வலப்பக்கம் எதுவும் எழுத வராத வரிகள் பல இருக்கும். அந்த வரிகளை அடிக்காதீர்கள், வட்டமிடுங்கள். உங்கள் துறைக்கு இன்னும் பெயர் வைக்கத் தெரியாதது அங்கேதான் இருக்கிறது, நான் தாள் திருத்தும்போதும் முதலில் அந்த வட்டங்களைத்தான் பார்ப்பேன்.

அளவும் காலமும்

பெரியவர்களின் அளவுகளை உடனே கிராமுக்கும் கிலோமீட்டருக்கும் மாற்றவேண்டாம். ஒரு கை மல்லி என்றால், அவரையே அள்ளச் சொல்லித் தராசில் வையுங்கள், நாலைந்து முறை. கூட்டாளி ஒருவரையும் அள்ளச் சொல்லுங்கள். பழைய பாசார்க் கணக்கு காட்டியில் இருக்கும். ஒரு காட்டி ஏறக்குறைய 600 கிராம், அதில் 16 தகில். இடங்களைக் கட்டை சொல்லிச் சொல்வார்கள்: எட்டாங்கட்டை, பத்தாங்கட்டை. அது பட்டணத்திலிருந்து எண்ணிய மைல்கல். எந்தப் பட்டணத்திலிருந்து என்று கேட்டு வையுங்கள், ஒரே எண் இரண்டு சாலைகளில் இருக்கும்.

ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். நிகழ்ச்சியைப் பிடியுங்கள். ஜப்பான்காரன் காலம் என்றால் பினாங்கில் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை. எமர்ஜென்சி 1948 முதல் 1960 வரை. தோட்டத் துண்டாடல் என்றால் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்ட 1950களும் 60களும். அதைத் தடுத்து நிறுத்தத்தான் மலாயாவின் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். “சம்பந்தன் சங்கத்துல காசு கட்டின வருசம் என் ரெண்டாவது மகன் கைப்புள்ள” என்று ஒருவர் சொன்னால், மகனின் அடையாள அட்டையைப் பாருங்கள்.

பத்தரிடம் கேட்பது வேறு

பினாங்கு ஸ்திரீட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் நகைக்கடைகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பத்தர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். இவர்களிடம் “எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்பதில் பயனில்லை, பதில் தொழில் இரகசியத்துக்குள் போய்விடும். “எதை வாங்கமாட்டீர்கள்?” என்று கேளுங்கள். மட்டமானதைப் பற்றிப் பேசச் சொன்னால் மனிதர்கள் தாராளமாகப் பேசுவார்கள், அதிலேயே நல்லதற்கு உரிய இலக்கணம் முழுக்க வந்துவிடும்.

உரைகல்லை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுத்த கல்லில் நகையை ஒரு கோடு உரசுவார். பக்கத்தில் மாற்று தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் ஒரு சொட்டு. நிறம் எவ்வளவு வேகமாகக் கலைகிறது என்று பார்த்து மாற்று சொல்வார். வேதியியல் பிள்ளைக்கு இது ஒப்பீட்டுச் சோதனை என்று உடனே விளங்கும். இப்போது கடைகளில், எக்ஸ் கதிர் பாய்ச்சித் தங்கத்தின் மாற்றை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் வந்துவிட்டது. நகையை வைத்தால் 916 என்று திரையில் எண் வரும். ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. தடித்த முலாம் பூசிய நகையில் அது முலாமைப் படித்துவிட்டு நிற்கும். பத்தர் முதலில் நகையைக் கையில் நிறுத்துப் பார்ப்பார், பற்றுவைத்த இடத்தைத் தேடுவார், சந்தேகம் வந்தால் அரத்தால் ஓரிடத்தில் தேய்த்துவிட்டுத்தான் கல்லில் உரசுவார். பொறியியல் பிள்ளைகளிடம் நான் கேட்பது: இயந்திரம் எங்கே ஏமாறும் என்பதைப் பத்தரிடம் கேட்டு வாருங்கள். கருவியின் கையேட்டில் எழுதாததை அவர் சொல்வார்.

தாதிமைப் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவேண்டியது

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய் “பாரம்பரிய மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா?” என்று படிவத்தில் உள்ளபடி கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். பொய் சொல்லவில்லை. சுக்கு, மிளகு, பூண்டு போட்ட பத்தியக் குழம்பு அவர்களுக்குச் சாப்பாடு. மலாய் பீடான் (மருத்துவச்சி) வந்து உடம்பு பிடித்து வயிற்றைக் கட்டிவிட்டுப் போனது உபசாரம். சாம்பிராணிப் புகை குளியலின் ஒரு பகுதி. உங்கள் படிவத்தில் மருந்து, உணவு, தூய்மை என்று மூன்று பெட்டிகள். அந்த வீட்டில் எல்லாமே ஒரே காரியம், தாயைத் தேற்றுவது. “காலையில எழுந்ததுலேருந்து என்ன செஞ்சீங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்கக்கா” என்று கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்பதும் அதில் வந்துவிடும். பத்தியத்தில் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு அது முக்கியம்.

இன்னொன்று உயிர்ப் பிரச்சினை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. மலேசிய அரசு மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிப்பது வழக்கம். இந்தக் குழந்தைகளுக்கு நாப்தலின், அதாவது அலமாரியில் போடும் பூச்சி உருண்டை, இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். காமாலை ஏறினால் மூளையையே கெடுக்கும். தாதி “வீட்டில் இரசாயனப் பொருள் இருக்கிறதா?” என்று கேட்கிறார். தாய் கழிவறை கழுவும் திரவத்தை நினைத்து, “பூட்டித்தான் வச்சிருக்கோம்” என்கிறார். இருவரும் சரியாகத்தான் பேசினார்கள். குழந்தைக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது.

நம் வீடுகளில் மூத்த பிள்ளையின் சட்டை, தொட்டில் சேலை, பாட்டியின் பழைய பருத்திச் சேலை எல்லாவற்றையும் பெட்டியில் உருண்டை போட்டு எடுத்து வைத்து, அடுத்த பிள்ளைக்கு எடுப்பது வழக்கம். பழைய துணி மெத்தென்று இருக்கும், ஆகிவந்ததும்கூட. எனவே கேட்கவேண்டிய கேள்வி: “தொட்டில்ல என்ன சேலை கட்டியிருக்கீங்க? எங்க எடுத்து வச்சிருந்தீங்க?” இப்படிக் கேட்ட உடனே பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். என் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான். பரிசோதனைக் கூடத்துக்குத் தெரிந்ததும் பாட்டியின் பெட்டிக்குத் தெரிந்ததும் சந்திக்கும்படி ஒரு கேள்வியை அமைக்கத் தெரியவேண்டும். இரண்டு பக்கத்தையும் மதிப்பவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். பழைய துணியே கூடாது என்று திட்டிவிட்டு வந்தால், அடுத்த முறை பெட்டியை மூடிவிடுவார்கள். உருண்டை வேண்டாம், துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள் என்று சொன்னால் சேலையும் இருக்கும், குழந்தையும் நலமாக இருக்கும்.

கணக்குப் பிள்ளைகளுக்குச் சிறிது

பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கடன்கொடுக்கும் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. ஒரு மேசைப்பெட்டி, ஒரு பாய், ஒரு பேரேடு. ஒருவருடைய முழு வியாபாரமும் அவ்வளவு இடத்தில் நடந்தது. தண்ணீர்மலையில் 1857இல் எழுந்த அவர்களின் முருகன் கோயிலுக்கும் அந்தப் பேரேடுகளுக்கும் மகமை வழியாகத் தொடர்பு உண்டு. பழைய கணக்குப் பார்த்தவர் யாரேனும் கிடைத்தால் பேரேட்டின் முதல் பக்கத்திலிருந்து படித்துக்காட்டச் சொல்லுங்கள், சிவமயம் என்று எழுதியதையும் விடாமல். மகமை என்ற பதிவு வந்தால் உடனே ‘நன்கொடை’ என்று உங்கள் தாளில் போட்டுவிடாதீர்கள். நன்கொடை என்பது இலாபம் பார்த்த பிறகு மனம் இருந்தால் கொடுப்பது. மகமையோ வியாபாரத்தின் மேலேயே சமூகம் வைத்த பங்கு. அதை எந்தத் தலைப்பில் போடுகிறீர்களோ அதைப் பொறுத்து அந்த வியாபாரி கடமை தீர்த்தவராகவோ தாராளமானவராகவோ மாறிவிடுவார். முதலில் அவர்களுடைய தலைப்புகளிலேயே ஐந்தொகை எடுத்துப் பாருங்கள். அப்புறம் இன்றைய தலைப்புகளுக்கு மாற்றுங்கள். இரண்டு தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

திரும்பிப் போங்கள்

எழுதி முடித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அதற்கு முன் போகவேண்டிய இடம் அவர் வீடு. ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதியதை மறுபடி தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “சரியா இருக்கா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார். “இதைப் படிச்சுட்டு ஒரு புது ஆள் நாளைக்கு மரம் சீவப் போனா எங்க தப்புப் பண்ணுவான்?” என்று கேளுங்கள். அப்போது சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார். முதல் சந்திப்பில் வராத பாதி அறிவு இங்கேதான் வரும். இரண்டாம் நாள் பதிவை முதல் நாள் தாளில் ஒட்டித் திருத்தாமல் தனியாக எழுதுங்கள், தேதியோடு.

பெயர் போடலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் தொழில், பகுதி, வேலை செய்த காலம் இவை போதும். பத்தரின் இரகசியம், குடும்பக் கடன், யாரையாவது குறை சொன்னது இவற்றை அவர் கேட்டுக்கொண்டால் எடுத்துவிடுங்கள். அதனால் மதிப்பெண் குறையாது என்று நான் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கல்லூரிக்கு, ஆங்கிலமோ மலாயோ, உங்கள் துறைக்கு உரிய வடிவில். இடப்பக்கப் பேச்சு முழுதும் உள்ள தமிழ்ப் பிரதி ஒன்று பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்து, ஒலிப்பதிவையும் ஒரு விரலியில் (பென் டிரைவ்) போட்டுக் கொடுங்கள். மூன்றாவது அவருக்கு. எழுத்தைப் பெரிதாக அச்சிடுங்கள், குறைந்தது பதினாறு புள்ளி. படங்களுக்குக் கீழே அவர் சொன்ன பெயர்களையே போடுங்கள்.

தொடங்கத் தெரியவில்லை என்றால் இந்த வாரமே ஒருவரைப் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் எதைக் கெடுப்பார்? அதை உங்களுக்கு யார், எப்படித் திருத்தினார்கள்? மற்றவை இந்த இரண்டுக்கும் பின்னால் தாமாக வரும். நோட்டுப் புத்தகத்தின் வலப்பக்கத்தை மட்டும் அன்று தொடவேண்டாம்.